5 கட்டையில் ஒரு உறுமல்

வீட்ல ஆம்ப்ளிஃபயர், ஹோம் தியேட்டர், கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்னு ஏதாவது ஒண்ணு வச்சிருக்கிற எல்லாருக்கும் இந்தச் சத்தம் அறிமுகமாகி இருக்கும். பாட்டு ஓடும்போது தெரியாது. ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்கிறதுக்குள்ள ஒரு ரெண்டு செகண்டு இருக்கு பாருங்க, அப்போ 'ம்ம்ம்ம்ம்'னு யாரோ கிணத்துக்குள்ள உட்கார்ந்து தம்பூரா மீட்டுற மாதிரி கேட்கும்.

தம்பூரான்னு சும்மா பேச்சுக்குச் சொல்லல. நம்ம வீட்டுக் கரண்ட் செகண்டுக்கு 50 சுற்று சுத்துது. 5 கட்டை ஸட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அதை ரெண்டு ஸ்தாயி கீழே இறக்கினா 49. ஆக இந்தியாவுல எல்லா வீட்டு உறுமலும் ஏறக்குறைய 5 கட்டைதான், துளி கூடுதல் சுருதியில :-) கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், லண்டன் மக்களுக்கும் இதே 50 ஹெர்ட்ஸ்தான். டொராண்டோ, நியூஜெர்சிக்காரங்களுக்கு 60 ஹெர்ட்ஸ். ஆறரைக்கும் ஏழுக்கும் நடுவுல எங்கேயோ நிக்கும், ஒரு கட்டையிலயும் சேராது.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க சித்தப்பா 80கள்ல மஸ்கட்ல வேலை பார்த்தவர். அந்தக் காலத்துல வளைகுடாவுக்குப் போன வீடுகள்ல கடுதாசிக்குப் பதிலா கேசட்டுல பேசி அனுப்புற வழக்கம் இருந்தது. ஊருக்கு வர்றவங்க, போறவங்க கையில கொடுத்து விடுவாங்க. எங்க பாட்டிக்கு எழுத வராது. அதனால டூ-இன்-ஒன் முன்னாடி உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்கப் பேசிடுவா. மாடு கன்னு போட்டது, மழை பெய்யாதது, யாருக்கு யார் பொண்ணு கொடுத்தாங்க எல்லாம் வரும். சித்தப்பா அதுல ஒரு நாப்பது கேசட்டைப் பத்திரமா வச்சிருந்தார். பாட்டி இப்போ இல்ல. டேப்பும் வருஷக்கணக்கா பீரோவுல கிடந்து நைஞ்சு போச்சு. இனி எத்தனை தடவை ஓடும்னு சொல்ல முடியாது. ஒரே தடவை ஓட்டி, லேப்டாப்புல ஏத்தி வச்சுடணும்னு இறங்கினார்.

செட் அந்தக் காலத்துல ஒரு மெக்கானிக் அசெம்பிள் பண்ணிக் கொடுத்தது. டெக், ஆம்ப்ளிஃபயர் ரெண்டும் ஒரே இரும்புப் பெட்டிக்குள்ள. மூணு பின் பிளக். அதுல இருந்து ஒரு ஒயர் எடுத்து, யூஎஸ்பி சவுண்டு கார்டு வழியா லேப்டாப்புல சொருகி, பாட்டியை ஓட விட்டா... 'ம்ம்ம்ம்ம்'. பாட்டுன்னா பரவாயில்ல, மேளமும் வயலினும் இதை அமுக்கிடும். பாட்டி பேசுறது மெதுவா, விட்டு விட்டு. ஒவ்வொரு இடைவெளியிலயும் உறுமல் எட்டிப் பார்க்குது.

தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கேட்டாராம். அவர் ஒரே வரியில முடிச்சுட்டார்: "எர்த் பின்னைக் கழட்டி விட்ருங்க சார், சத்தம் போயிடும்."

சித்தப்பா எனக்கு போன் போட்டார். "டேய், கழட்டவா?"

"தொடாதீங்க சித்தப்பா. ஞாயித்துக்கிழமை வர்றேன்."

ஒண்ணு சொல்லிடறேன். அந்த மெக்கானிக் சொன்னது பொய்யில்ல. எர்த்தைக் கழட்டினா சத்தம் பெரும்பாலும் போயிடும். அதனாலதான் இந்த வைத்தியம் ஊரெல்லாம் ஓடுது. எதை விலையாக் கொடுத்து அந்த நிசப்தத்தை வாங்குறோம்ங்கிறதுதான் பிரச்சினை.

முதல்ல சத்தம் எங்கிருந்து வருதுன்னு பார்ப்போம். (இயற்பியல் அலர்ஜி உள்ளவங்க மூணு பத்தி தாண்டிக் குதிச்சுக்கலாம்.)

ஒரே மொட்டை மாடியில ரெண்டு தண்ணித் தொட்டி இருக்குன்னு வைங்க. ஒண்ணுல தண்ணி மட்டம் ஒரு விரல்கடை உசரம். ரெண்டையும் ஒரு குழாய் போட்டு இணைச்சா தண்ணி ஓடத்தானே செய்யும்? எர்த்தும் அப்படித்தான். ஹால்ல இருக்கிற பிளக் பாயிண்டோட எர்த், ரூம்ல இருக்கிற பாயிண்டோட எர்த், ரெண்டும் பேருக்குத்தான் ஒண்ணு. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர்னு ஒவ்வொண்ணும் அந்த ஒயர்ல கொஞ்சம் கொஞ்சம் கசிவு கரண்டை விட்டுட்டே இருக்கு. அதனால ரெண்டு இடத்துக்கும் நடுவுல சில மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்துட்டே இருக்கும். செட்டோட இரும்புப் பெட்டி ஒரு எர்த்துல, லேப்டாப் சார்ஜர் இன்னொரு எர்த்துல. நடுவுல நாம சொருகின ஆடியோ ஒயர்தான் அந்தக் குழாய்.

ஆடியோ ஒயர்ல நடுவுல ஒரு கம்பி, அதைச் சுத்தி ஒரு வலை. அந்த வலை ரெண்டு வேலை பார்க்குது. வெளி இரைச்சலைத் தடுக்குது, சிக்னல் திரும்பிப் போற பாதையாவும் இருக்குது. எர்த் வித்தியாசத்தால ஓடுற 50 ஹெர்ட்ஸ் கரண்டும் இதே வலையிலதான் ஓடுது. வலைக்கும் கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் உண்டே! அந்த ரெசிஸ்டன்ஸ்ல உண்டாகிற வோல்டேஜ் சிக்னலோட நேராச் சேர்ந்துக்கும். வீட்டு ஆடியோ சாமான்கள்ல சிக்னலோட வழக்கமான அளவு சுமார் 0.316 வோல்ட். அதுல ஒரே ஒரு மில்லிவோல்ட் உறுமல் கலந்தா வித்தியாசம் 50 டெசிபல்தான். அமைதியான ரூம்ல இது தாராளமா காதுல விழும். இதைத்தான் 'கிரவுண்ட் லூப்'னு சொல்றாங்க. செட்டும் கெட்டுப் போகல, லேப்டாப்பும் கெட்டுப் போகல. ரெண்டும் கைகோத்ததுதான் வினை.

சின்ன ஸ்பீக்கர்ல 50 ஹெர்ட்ஸே சரியா வராது. அங்கே நாம கேட்கிறது பெரும்பாலும் அதோட மடங்குகள், 100, 150, 200. பெண் குரலோட அடிநாதம் ஏறக்குறைய 165-லிருந்து 255 ஹெர்ட்ஸ் வரைக்கும். "பதிஞ்சுட்டு அப்புறமா சாஃப்ட்வேர்ல சுத்தம் பண்ணிக்கலாமே"ன்னு கேட்கிறவங்களுக்கு இதுதான் பதில். 200-ஐ வெட்டினா உறுமலோட சேர்ந்து பாட்டி குரலும் கொஞ்சம் போகும். கலந்த பிறகு பிரிக்கிறதை விடக் கலக்காம பார்த்துக்கிறது நல்லது.

ஞாயித்துக்கிழமை போனதும் முதல்ல செஞ்சது விசாரணை. இதை யார் வேணா வீட்ல செய்யலாம், ஒரு கருவியும் வேண்டாம்.

வால்யூமைச் சுத்தமாக் குறைங்க. அப்பவும் அதே அளவு சத்தம் இருந்தா, குறை ஆம்ப்ளிஃபயருக்கு உள்ளே. பழைய செட்டுல பவர் சப்ளை கெப்பாசிட்டர் காய்ஞ்சு போனா 100 ஹெர்ட்ஸ்ல ஒரு 'ஜ்ஜ்ஜ்' வரும். வெளியில எதை மாட்டினாலும் அது போகாது, கெப்பாசிட்டரைத்தான் மாத்தணும். வால்யூம் குறைச்சதும் சத்தமும் குறைஞ்சா, அடுத்தது எல்லா இன்புட் ஒயரையும் உருவிடுங்க. அமைதியாயிட்டா ஒவ்வொண்ணா திரும்பச் சொருகுங்க. எதைச் சொருகும்போது உறுமுதோ அதுதான் ஆள். கேபிள் டிவி இருந்தா டிவிக்குப் பின்னாடி வர்ற அந்தக் கறுப்பு ஒயரைக் கழட்டிப் பாருங்க. கம்பம் கம்பமா தெரு சுத்தி வர்ற அந்த ஒயரோட வலையும் எங்கேயோ ஒரு இடத்துல எர்த்தைத் தொட்டிருக்கும். பல வீட்ல குற்றவாளி அதுதான்.

சித்தப்பா வீட்ல ஆள் லேப்டாப் சார்ஜர். சார்ஜரை உருவினதும் பட்டுனு அமைதி. பேட்டரியில ஓடுற லேப்டாப்புக்கு எர்த்தே கிடையாது, குழாய் அறுந்துடுச்சு.

"அப்ப பேட்டரியிலயே பதிஞ்சுடலாமே"ன்னார் சித்தப்பா. நல்ல யோசனைதான். ஆனா அந்த லேப்டாப் பேட்டரி இருபது நிமிஷம் தாங்கினா அதிசயம். கேசட்டோட ஒரு பக்கம் 30 நிமிஷம். பாட்டி பாதிப் பேச்சுல இருக்கும்போது லேப்டாப் படுத்துடும். செட்டையும் சார்ஜரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல மாட்டிப் பார்த்தோம். ரெண்டு எர்த்துக்கும் இருக்கிற தூரம் குறைஞ்சா உறுமலும் குறையும். குறைஞ்சது, ஆனா போகல.

அப்போதான் பையில இருந்து டப்பாவை எடுத்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு. உள்ளே ரெண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர், இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணு. கார் ஆடியோ கடைகள்ல 'கிரவுண்ட் லூப் ஐசலேட்டர்'னு கேட்டா கொடுப்பாங்க.

டிரான்ஸ்ஃபார்மர்னா வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கத்தான்னு நினைப்போம். இது அதையெல்லாம் செய்யாது. ஒண்ணுக்கு ஒண்ணு. இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவே. 1831 ஆகஸ்ட்ல மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு கம்பிச் சுருளைத் தனித்தனியா சுத்தி, ஒண்ணுல கரண்ட் மாறும்போது இன்னொண்ணுல முள் ஆடுறதைப் பார்த்தார் இல்லையா, அதே சமாச்சாரம்தான். ரெண்டு சுருளுக்கும் நடுவுல ஒட்டு உறவு கிடையாது. காந்தப்புலம் மட்டும்தான் தூது போகுது.

அப்போ சிக்னல் மட்டும் எப்படித் தாண்டுது, உறுமல் ஏன் தாண்டல? படகுல ரெண்டு பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு வைங்க. அலை வந்தா படகு மொத்தமும் ஏறி இறங்கும், ரெண்டு பேரும் சேர்ந்தே ஏறி இறங்குவாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிற உசர வித்தியாசம் மாறாது. டிரான்ஸ்ஃபார்மர் கண்ணுக்கு அந்த வித்தியாசம் மட்டும்தான் தெரியும், அதுதான் சிக்னல். எர்த்துல வர்ற உறுமல் படகைத் தூக்குற அலை. அதோட ரெண்டு எர்த்துக்கும் நடுவுல இருந்த வலைப் பாதையே இப்போ இல்லாததால, கரண்ட் ஓட வழியும் இல்ல.

மாட்டினோம். சார்ஜர் சொருகினபடியே இருக்கு, செட்டோட மூணாவது பின்னும் அதன் இடத்துல இருக்கு. உறுமல் போயிடுச்சு. மிச்சம் இருந்தது டேப்போட 'ஸ்ஸ்ஸ்' மட்டும். அது கேசட்டோட பிறந்தது, அதை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. பாட்டி "அய்யா, நல்லா இருக்கியாப்பா"ன்னு ஆரம்பிச்சதும் சித்தப்பா எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டார். திரும்பி வர ரொம்ப நேரம் ஆச்சு.

இன்னொண்ணும் தெரிஞ்சது. நாப்பதுல சில கேசட்டுகள்ல உறுமல் டேப்புலயே பதிவாகி இருந்தது. டூ-இன்-ஒன்னைக் கரண்டுல போட்டுப் பதிஞ்சது போல. மத்ததெல்லாம் பேட்டரிக் கட்டை போட்டுப் பேசினதா இருக்கணும். பதிவிலேயே இருக்கிறதுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மரும் மருந்தில்ல. அப்படியே விட்டுட்டோம்.

இனி அந்தப் பின் சமாச்சாரம்.

இரும்புப் பெட்டிக்குள்ள 230 வோல்ட் ஒயர் போகுது. பல வருஷ ஒயர், மேலுறை வெடிச்சிருக்கலாம். ஒரு நாள் அது பெட்டியைத் தொட்டா, எர்த் இருக்கும்போது கரண்ட் மொத்தமா எர்த் வழியா பாய்ஞ்சு ஃபியூஸ் போகும், இல்ல பிரேக்கர் விழும். "என்னடா திடீர்னு கரண்ட் போச்சு"ன்னு திட்டிட்டுப் போவோம். எர்த் இல்லாட்டி ஒண்ணும் ஆகாது. பாட்டு பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். பெட்டி மட்டும் 230 வோல்ட்ல, அடுத்து தொடப் போறவருக்காகக் காத்துட்டு இருக்கும். குளிச்சுட்டு ஈரக்காலோட வர்றவங்களா இருக்கலாம், தரையில தவழ்ற குழந்தையா இருக்கலாம். சித்தப்பா வீட்ல பேரன் தவழ ஆரம்பிச்சிருந்தான்.

பெரிய பெரிய கலைஞர்களே இதுல போயிருக்காங்க. ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாசம் வேல்ஸ்ல ஸ்வான்சீ நகரத்துல மேடையிலேயே, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்து போனார். யார்ட்பேர்ட்ஸ் குழுவோட பாடகர் கீத் ரெல்ஃப் 1976 மே மாசம் தன் வீட்டிலேயே, சரியா எர்த் பண்ணாத கிட்டார் வாசிக்கும்போது இறந்தார். அப்போ அவருக்கு 33 வயசு. மேடையை விடுங்க, வீட்டுக்குள்ளயே!

சர்க்யூட் தெரியாதவங்களும் ஞாபகம் வச்சுக்க வேண்டியது ஒண்ணுதான். பிரிக்க வேண்டியது சிக்னலை, எர்த்தை இல்ல. கரண்ட் வர்ற பக்கம் கை வைக்காதீங்க, பாட்டு போற ஒயர் பக்கம் கை வைங்க.

கடைக்குப் போறவங்களுக்குச் சில குறிப்புகள்:

1. டப்பா வாங்கினதும் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில வச்சு, உள்ளே வர்ற பக்கத்து வலைக்கும் வெளியே போற பக்கத்து வலைக்கும் நடுவுல பாருங்க. 'பீப்'னு கத்தினா திருப்பிக் கொடுத்துடுங்க. ரெண்டு பக்க எர்த்தையும் உள்ளுக்குள்ளயே இணைச்சு வச்சிருக்காங்கன்னு அர்த்தம். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர் இருந்து என்ன பிரயோஜனம்?

2. மலிவு டப்பாவுல பேஸ் அடிபடும். ஒரே வோல்டேஜுக்கு 1000 ஹெர்ட்ஸ்ல இருக்கிற காந்தப்புலத்தை விட 20 ஹெர்ட்ஸ்ல 50 மடங்கு தேவை. குட்டி இரும்பு அதைத் தாங்காம திணறும், தவில் சத்தம் டப்பா தட்டுற மாதிரி ஆயிடும். பேச்சுக்குக் கவலையில்ல, பாட்டுக்கு நல்லதா வாங்குங்க. நல்லதுல மியூ-மெட்டல்னு ஒரு நிக்கல் கலவையைப் பயன்படுத்துவாங்க. 1923-ல இங்கிலாந்துல கடலடித் தந்தி ஒயருக்காகக் கண்டுபிடிச்சது, கடைசியில நம்ம உறுமலுக்கும் உதவுது.

3. பழைய டயல்-அப் மோடம் பரண்ல கிடந்தா தூக்கிப் போடாதீங்க. டெலிபோன் லைனைப் பிரிக்க உள்ளே ஒரு 600 ஓம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். குரல் அளவுக்குச் செஞ்சது, பாட்டுக்கு ஆகாது. ஆனா பரிசோதனைக்கு ஓசி :-)

4. டிவியில ஆப்டிகல் அவுட் இருந்து ஆம்ப்ளிஃபயர்லயும் ஆப்டிகல் இன் இருந்தா வேலை சுலபம். 1983-ல தோஷிபா கொண்டு வந்தது இந்த டாஸ்லிங்க் ஒயர். உள்ளே போறது வெளிச்சம். வெளிச்சத்துல எர்த் ஏது? புளூடூத்தும் அதே மாதிரிதான், நடுவுல ஒயரே இல்ல.

5. கேபிள் டிவிதான் குற்றவாளின்னா அந்த ஒயர்லயே மாட்ற ஐசலேட்டர் உண்டு. உள்ளே கெப்பாசிட்டர், டிவி சிக்னலை விட்டுட்டு 50 ஹெர்ட்ஸை மறிக்கும். டிஷ் வச்சிருக்கிறவங்க அதை மாட்டாதீங்க. மாடியில இருக்கிற டிஷ்ஷோட எல்என்பிக்கு அதே ஒயர் வழியாத்தான் 13, 18 வோல்ட் மேலே போகுது. அதையும் மறிச்சுடும், படமே வராது. அவங்க ஆடியோ பக்கத்துலயே பிரிச்சுக்கணும்.

6. கச்சேரி, கோயில் விழா மைக் செட் பக்கம் இருக்கிறவங்க 'டிஐ பாக்ஸ்' பார்த்திருப்பீங்க. அதுல 'கிரவுண்ட் லிஃப்ட்'னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது தூக்கிவிடறது சிக்னலோட எர்த்தை மட்டும், கரண்ட் பிளக்கோட எர்த்தை இல்ல. ரெண்டையும் குழப்பிட்டு "அவங்களே எர்த்தைக் கழட்டுறாங்களே"ன்னு யாராவது சொன்னா இதைச் சொல்லுங்க.

அடுத்த தடவை மூணு பின் பிளக் ஒண்ணைக் கையில எடுத்துப் பாருங்க. மேல இருக்கிற பெரிய பின் மத்த ரெண்டை விட நீளம். சொருகும்போது அதுதான் முதல்ல சாக்கெட்டைத் தொடும், உருவும்போது கடைசியா விட்டு வரும். கரண்ட் இருக்கிற எந்த நொடியிலயும் எர்த் இல்லாம இருக்கக் கூடாதுன்னு அந்த நாலஞ்சு மில்லிமீட்டரைக் கூட்டி வச்சிருக்காங்க. ஒரு 'ம்ம்ம்'முக்காக அதை உடைச்சுடாதீங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் ஆம்ப்ளிஃபயர் மூடியைக் கழட்டி உள்ளே கை விட வேண்டாம். சுவிட்ச் அணைச்ச பிறகும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் இருக்கும். வெளியில ஒயர் உருவி விசாரணை நடத்துறதோட நிறுத்திக்குங்க. உங்க வீட்டு உறுமல் எந்தச் சாமானால வந்ததுன்னு கண்டுபிடிச்சா சொல்லுங்க, கட்டையோட :-)